ஜவ்வாது மலையில் ஐஸ்!

"ஐஸ் எங்கேய்யா இருக்கு?"

ஆலங்காயத்தில் ஏறிய பஸ் மலைப் பாதையில் மூன்று வளைவு தாண்டுவதற்குள் கேஷியர் இந்தக் கேள்வியை நாலாவது தடவையாகக் கேட்டார். மே மாத வெயில். முன் சீட்டு அம்மாள் மடியில் ஒரு முழுப் பலாப்பழம். வளைவுக்கு வளைவு அது கேஷியரின் முழங்காலை நலம் விசாரித்துக்கொண்டிருந்தது.

"சார், ஐஸ் இங்கே இல்லை. ஐஸைப் பத்திப் பேசத்தான் போறோம்" என்றேன்.

"அதை மெட்ராஸ்லயே பேசியிருக்கலாமே. வீட்ல ஃபிரிட்ஜ்லயாவது இருந்திருக்கும்!"

இதுதான் எங்கள் ரசிகர் மன்றம். மொத்த உறுப்பினர்கள் நாலு பேர். நான், கேஷியர், டெஸ்பாட்ச் அண்ணன், சிஸ்டம்ஸ் தம்பி. இதில் கேஷியர் எதிர்க்கட்சி. ஆளுங்கட்சியில் மிச்சமிருக்கும் மூன்று பேருக்குள் நாலு கோஷ்டி.

மன்றம் உருவான கதையைச் சொல்லிவிடுகிறேன். 2025 பிப்ரவரி. சீனாவில் ஹார்பின் என்ற ஊரில் ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டி. சாப்பாட்டு இடைவேளையில் தயிர் சாதத்தை ஒரு கையிலும் செல்போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ரிசல்ட் வந்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"எட்டாவது!"

கேஷியர் கவுன்ட்டரை விட்டுப் பாய்ந்து வந்தார். "என்னது, எட்டாவது சம்பளக் கமிஷனா? கமிட்டி போட்டுட்டானா?"

"இல்லை சார். தாரா பிரசாத். ஃபிகர் ஸ்கேட்டிங்ல எட்டாவது இடம்."

'ஃபிகர்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செக்‌ஷனில் மூன்று நாற்காலிகள் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பின. ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாதம் இருந்த ஹெட் கிளார்க்கின் நாற்காலியும் அதில் ஒன்று!

நீங்களும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் கொஞ்சம் தளர்ந்துகொள்ளுங்கள். இந்த 'ஃபிகர்' வேறு. பனித்தளத்தில் பிளேடு கட்டிய காலால் எட்டு மாதிரி, வட்டம் மாதிரி கோடு இழுப்பார்கள். போன கோட்டின் மேலேயே மறுபடி போக வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் மார்க் போச்சு. கிட்டத்தட்ட நம் வீட்டு வாசல் கோலம்தான். கையால் போடாமல் காலால் போடுகிறார்கள். அந்தக் கோலத்துக்குப் பெயர்தான் ஃபிகர். கோலம் போடும் சுற்றை 1990-ம் வருஷத்தோடு சர்வதேசப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் தங்கிவிட்டது. அண்ணா சாலையை இன்னும் மவுன்ட் ரோடு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

தாரா பிரசாத் 2000-ம் ஆண்டு அமெரிக்காவில், ஐயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் நம்ம தமிழ்நாடு. 2019-ல் 'இனி இந்தியாவுக்காகத்தான் ஆடுவேன்' என்று கட்சி மாறினார். நம் ஊரில் எதிலிருந்து எதற்கோ கட்சி மாறுகிறார்கள். பனித்தளங்கள் நிறைய இருக்கிற தேசத்திலிருந்து, விரல் விட்டு எண்ணினால் விரல் மிச்சமாகிற தேசத்துக்கு மாறிய ஒரே ஆளாகத்தான் எனக்கு அவர் தெரிந்தார். 2022, 2023, 2025 ஆகிய மூன்று வருஷமும் இந்திய தேசிய சாம்பியன்.

"எல்லாம் சரி. எட்டாவது வந்ததுக்கு எதுக்குய்யா கூச்சல்? என் பையன் கிளாஸ்ல எட்டாவது வந்தான்னா அவங்க அம்மா ரெண்டு நாள் பேச மாட்டா" என்றார் கேஷியர்.

அன்றைக்கே அவரை மன்றத்தில் சேர்த்துவிட்டோம். எதிர்க்கட்சி இல்லாத சபை எதற்கு ஆகும்?

* * *

ஸ்கேட்டிங்குக்கு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை ஒரு சீசன் கணக்கு. மார்ச்சில் உலகப் போட்டி முடிந்ததும் பெரிய போட்டிகள் ஓய்ந்துவிடும். அப்புறம் இலையுதிர் காலம் வரை ரசிகனுக்கு வேலை கிடையாது. வேலை இல்லாத ரசிகன் என்ன செய்வான்? வாய்ச் சவடால் விடுவான். அதற்கு ஒரு குளிர்ந்த இடம் வேண்டும் என்று முடிவானது.

"ஊட்டி?"

"இ-பாஸ் எடுக்கணும்."

"கொடைக்கானல்?"

"அதுக்கும்."

"ஜவ்வாது மலை போலாம் சார். பஸ் பாஸ் போதும்" என்றான் சிஸ்டம்ஸ் தம்பி. ஊர் முடிவானது.

காவலூரைத் தாண்டும்போது மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. வைணு பாப்பு வானாய்வகம். உள்ளே 2.3 மீட்டர் குறுக்களவு உள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி. 1986-ல் ராஜீவ் காந்தி வந்து திறந்துவைத்தது.

"பார்த்தீங்களா சார், தாரான்னா நட்சத்திரம். நட்சத்திரத்தைப் பத்திப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?" என்றேன்.

"தொலைநோக்கி வச்சுப் பார்த்தாத்தான் உங்க நட்சத்திரம் தெரியும்கிறே. ஒத்துக்கறேன்" என்றார் எதிர்க்கட்சித் தலைவர்.

ஜமுனாமரத்தூரில் ரூம் போட்டோம். ராத்திரி மொட்டை மாடியில் பாய். தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையலோடு சாமைச் சோறு. தலைக்கு மேலே, கீழே நாட்டில் பார்க்கவே முடியாத அளவுக்கு நட்சத்திரங்கள். மன்றத்தின் பொதுக்குழு கூடியது.

முதல் தீர்மானம், பாட்டு.

இந்த விளையாட்டில் கோடையில் செய்கிற முதல் வேலை அடுத்த சீசனுக்குப் பாட்டு தேர்ந்தெடுப்பது. ஒருவருக்கு ரெண்டு ஆட்டம். சின்னது 2 நிமிஷம் 40 விநாடி. பெரியது 4 நிமிஷம். ரெண்டுக்கும் பத்து விநாடி முன்னே பின்னே போகலாம். தனிநபர் ஆட்டத்தில் முன்பெல்லாம் குரல் இருக்கிற பாட்டு போடக் கூடாது. 2014-15 சீசனிலிருந்து அதை அனுமதித்துவிட்டார்கள். அது தெரிந்ததிலிருந்து எங்கள் மன்றத்தில் தூக்கமில்லை.

"ராஜா சார்தான்" என்றார் டெஸ்பாட்ச் அண்ணன்.

"ரஹ்மான்தான்" என்றான் தம்பி.

இது எங்கே போய் முடியும் என்று தமிழனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேட்டிங் மறந்து, தாரா மறந்து, முக்கால் மணி நேரம் வயலினா சிந்தசைசரா என்று நடந்தது. பக்கத்து ரூம்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "எம்.எஸ்.வி-யை விட்டுட்டீங்களே" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

"நம்ம பாட்டெல்லாம் ஐஸ்ல எடுபடுமாய்யா?" என்றார் கேஷியர்.

எடுபட்டிருக்கிறது! 2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் மெரில் டேவிஸ், சார்லி ஒயிட் ஜோடி ஹிந்தி சினிமாப் பாட்டுக்கு, நம் ஊர் உடையில் பனியில் ஆடினார்கள். ஐஸ் டான்ஸில் வெள்ளிப் பதக்கம். நாலு வருஷம் கழித்து அதே ஜோடி தங்கமும் வாங்கியது. வெள்ளைக்காரருக்கு நம்ம பாட்டு உதவும்போது நமக்கு உதவாதா?

இரண்டாவது தீர்மானம், தாவல். இங்கேதான் சண்டை நிஜமாகவே சூடு பிடித்தது.

தாவலில் ஆறு வகை. டோ லூப், சால்கோ, லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்செல். ஆக்செல் மட்டும்தான் முன்பக்கம் பார்த்துத் தாவுவது. இறங்குவது எல்லாவற்றிலும் பின்பக்கமாக. அதனால் ஆக்செலில் அரைச் சுற்று அதிகம். எந்தத் தாவலுக்கு எத்தனை மார்க் என்று ரேஷன் கடை போர்டு மாதிரி ஒரு பட்டியலே இருக்கிறது. அதைத் தம்பி செல்போனில் எக்ஸெல் ஷீட்டாகப் போட்டு வைத்திருந்தான்.

"அந்தரத்துல மூணு சுத்து சுத்துற ட்ரிபிள் லட்ஸுக்கு 5.9. ரெண்டே சுத்து சுத்துற டபுள் லட்ஸுக்கு 2.1. ஜட்ஜுங்க அழகைப் பார்த்து ப்ளஸ் அஞ்சு வரைக்கும் ஏத்துவாங்க, மைனஸ் அஞ்சு வரைக்கும் எறக்குவாங்க."

"விழுந்தா?" கேட்டது கேஷியர். மனிதருக்கு நஷ்டக் கணக்கில்தான் ஆர்வம்.

"மூணு சுத்தையும் முழுசா முடிச்சுட்டு விழுந்தா, மைனஸ் அஞ்சு போட்டு அஞ்சே முக்கால் சொச்சத்துல பாதியை வெட்டுவாங்க. 2.95 போச்சு. விழுந்ததுக்கு அபராதம் ஒரு மார்க். மிச்சம் 1.95."

"அப்ப பேசாம டபுளே போட்டுட்டுப் போக வேண்டியதுதானே! இடுப்பும் மிச்சம், 2.1-ம் மிச்சம். நிரந்தர வைப்பு மாதிரி" என்றார் கேஷியர். "எட்டாவது இடத்துல இருக்கிற பொண்ணு எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்கிறேன்?"

தம்பி செல்போனைத் தட்டினான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நல்லாப் பாருங்க. பயந்து ரெண்டு சுத்தோட நிறுத்தினா 2.1. துணிஞ்சு மூணு சுத்தி, விழுந்தா 1.95. வித்தியாசம் வெறும் 0.15. விழாம நின்னுட்டா 5.9. விழுந்துக்கிட்டே இருந்தா மொத்த ஆட்டத்தோட அழகுக்குப் போடுற மார்க்கும் அடி வாங்கும், அது வேற. ஆனா கணக்கு இதுதான்."

"பதினஞ்சு பைசா!" என்றார் டெஸ்பாட்ச் அண்ணன்.

யாரும் பேசவில்லை. நான் மட்டும் பையை இழுத்துத் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் பையில் ஒரு விஷயம் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

* * *

டெஸ்பாட்ச் அண்ணனுக்குத் தாராவின் மேல் கோபமில்லை. ஆனால் அவர் கட்சி வேறு. அவர் பையன் சனி, ஞாயிறுகளில் சக்கர ஷூ மாட்டிக்கொண்டு ரோலர் ஸ்கேட்டிங் பழகுகிறான்.

"ஐஸ் ஏன்யா நமக்கு? சிம்லாவுல 1920-லேர்ந்து ஒரு தளம் இருக்கு, அதுவும் குளிர் காலத்துல தண்ணி தானா உறைஞ்சாத்தான். டேராடூன்ல 2011-ல தெற்காசிய குளிர்காலப் போட்டிக்காகப் பெருசா ஒண்ணு கட்டினான், போட்டி முடிஞ்சதும் வருஷக் கணக்கா மூடிக் கெடந்துது. நமக்கு இருக்கிறது தார் ரோடு. நம்ம மெட்ராஸ் பையன் ஆனந்த்குமார் வேல்குமார் என்ன பண்ணான்? 2021-ல கொலம்பியாவுல ஜூனியர் உலகப் போட்டியில வெள்ளி. 2023-ல ஹாங்சோ ஆசியப் போட்டி, 3000 மீட்டர் ரிலேல வெண்கலம். சக்கரத்தை நம்பு, சக்கரம் சுத்தும்!"

"அது வேகம் அண்ணே. இது அழகு" என்றேன்.

"அழகுக்கு எவன்யா ஸ்டாப் வாட்ச் புடிக்கிறது? வேகம்னா ஜட்ஜ் வேணாம், தகராறு வேணாம்."

பேச்சு மூன்றாவது தீர்மானத்துக்கு வந்தது. மிலான்.

2026 பிப்ரவரியில் இத்தாலியில் மிலான்-கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்ஸ். பெண்கள் தனிநபர் பிரிவில் 29 இடம். அதில் 24 இடம் 2025 மார்ச்சில் பாஸ்டன் உலகப் போட்டியோடு பங்கு போட்டாகிவிட்டது. இந்தியாவுக்கு ஒன்றும் வரவில்லை. மிச்சம் 5. அந்த ஐந்துக்குச் செப்டம்பரில் பெய்ஜிங்கில் தகுதிப் போட்டி. இதற்கு முந்தின ஒலிம்பிக்ஸுக்கும் இப்படித்தான். 2021-ல் ஜெர்மனியில் நடந்த தகுதிப் போட்டிக்குப் போய்விட்டு இடம் கிடைக்காமல் திரும்பியவர் தாரா.

"உலகம் பூரா இருக்கிறவளுங்க அஞ்சு சீட்டுக்கு மோதுவாங்க. இந்தப் பொண்ணுக்குக் கிடைக்கும்னு நம்புறியா?" என்றார் கேஷியர்.

மன்றத் தலைவன் என்ற முறையில் நான் மார்தட்டியிருக்க வேண்டும். முடியவில்லை. "கஷ்டம்தான் சார்" என்றேன்.

"கிடைக்காதுன்னு தெரிஞ்சும் மே மாசத்துல எதுக்குய்யா விழுந்து விழுந்து பயிற்சி?"

அவர் கேட்டது தாராவைப் பற்றி. எனக்கு அது என்னைக் கேட்டது மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். எங்கள் ஆபீஸில் பதவி உயர்வுக்கு ஒரு இலாகா பரீட்சை உண்டு. மூன்று பேப்பர். முதல் தடவை எழுதி மூன்றிலும் ஃபெயில். இரண்டாவது தடவை பணம் கட்டினேன், ஹால் டிக்கெட் வாங்கினேன், பரீட்சையன்று காலையில் 'காய்ச்சல்' என்று லீவு போட்டேன். காய்ச்சல் இல்லை. பயம். மறுபடி ஃபெயில் ஆனால் செக்‌ஷனில் எப்படித் தலை நிமிர்வது என்கிற பயம். 'உடம்பு சரியில்லாமப் போச்சு, இல்லேன்னா பாஸ் பண்ணியிருப்பான்' என்று எல்லோரும் சொன்னார்கள். ஹாயாக இருந்தது. ஒரு வாரத்துக்கு. அப்புறம் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. மூன்றாவது தடவைக்கான விண்ணப்பம் அந்தப் பையில்தான் இருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். கையெழுத்துப் போடவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை, மன்றத்திலும் சொல்லவில்லை. நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனேன்.

* * *

மறுநாள் காலை பீமன் நீர்வீழ்ச்சிக்குக் கிளம்பினோம். கோடையில் அங்கே தண்ணீர் எவ்வளவு கொட்டும் என்று டீக்கடையில் கேட்டதற்கு, "குளிக்கலாம் சாமி, ஒருத்தர் ஒருத்தரா" என்றார்கள். நடந்தே போனோம். வழியெல்லாம் தம்பி, ஸ்கேட்டிங்காரர்கள் கோடையில் என்னென்ன செய்வார்கள் என்று வகுப்பு எடுத்துக்கொண்டே வந்தான்.

புது ஷூவைப் பழக்குவது முதல் வேலை. கட்டை மாதிரி இருக்கும் அந்த ஷூ காலைக் கடித்துப் புண்ணாக்கித்தான் வழிக்கு வரும். அப்புறம் தரையில் பயிற்சி. ஐஸே இல்லாமல், சாதா ஷூவில், தரையில் நின்று தாவித் தாவிச் சுற்றுவது. ஒரு விநாடிகூட ஆகாத நேரத்தில் அந்தரத்தில் மூன்று சுற்று முடித்து, நாலைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள பிளேடில் ஒற்றைக் காலில் இறங்க வேண்டுமே! உடம்பின் எடை பல மடங்காக அந்த ஒரு காலில் வந்து இறங்கும். இடுப்பில் பெல்ட் மாட்டி மேலே கயிற்றில் தொங்கவிட்டுப் பழக்குவதும் உண்டு. பழைய தாவலைப் பிரித்துப் போட்டு, தோளை எங்கே வைப்பது, முழங்காலை எப்போது மடிப்பது என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. கை தட்ட ஆள் இருக்காது. மார்க் போட ஜட்ஜ் இருக்க மாட்டார்.

"ஒரு ஆடிட் மாதிரி" என்றார் கேஷியர், அவரையும் மீறி ஆர்வம் வந்து.

அப்போதுதான் அந்தக் கொல்லையைப் பார்த்தோம். மலைச் சரிவில் சின்ன நிலம். ஒரு பெரியவர் ரெண்டு மாட்டைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். ஏருக்குப் பின்னாலேயே நாலைந்து மைனாக்கள் எதையோ கொத்திக்கொண்டு நடந்தன. டெஸ்பாட்ச் அண்ணன் செய்யாறு பக்கத்து விவசாயக் குடும்பம். நின்றுவிட்டார்.

"என்ன பெரியவரே, சாமையா? இப்பவே விதைக்கிறீங்களா?"

பெரியவர் மாட்டை நிறுத்தித் துண்டால் முகத்தைத் துடைத்தார். "இப்ப எங்க சாமி விதைக்கிறது? ஆனியில மழை புடிச்சாத்தான் சாமை. இது சும்மா ஓட்டிப் போடறது."

"விதைக்கறதுக்கு ஒரு மாசம் இருக்கும்போது எதுக்கு உழவு? வெட்டி வேலைதானே?" என்றார் கேஷியர். தண்டச் செலவைக் கண்டால் அவருக்குத் தாங்காது.

பெரியவர் கேஷியரை மேலும் கீழும் பார்த்தார். கீழ்நாட்டு ஆசாமிகளுக்கு இப்படி நிறையத் தடவை பாடம் எடுத்திருப்பார் போலிருக்கிறது.

"இப்பப் பொரட்டிப் போட்டாத்தான் சாமி களை வேரு வெயில்ல காயும். மண்ணுக்குள்ள கெடக்கிற புழு பூச்சி மேல வரும், குருவி பொறுக்கிக்கும். கோடை மழை ஒண்ணு ரெண்டு பேஞ்சா, சரிவுல ஓடிப் போவாம உள்ள எறங்கும். விதைக்கிற அன்னிக்கு வந்து உழுதா விதைதான் போவும்."

கோடை உழவு கோடி நன்மை என்று நாலாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ பழமொழி எழுதியிருக்கிறேன். பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனியில மழை வரலேன்னா?"

"வரலேன்னா வரல. மழை நம்ம கையிலயா கீது? ஏரு நம்ம கையில கீது." ஒரு கட்டியைக் காலால் உடைத்துவிட்டார். "உழுத மண்ணு எங்கயும் ஓடிப் போவாது சாமி. அடுத்த மழைக்கு அது அங்கியேதான் இருக்கும்."

அவ்வளவுதான். ஹை ஹை என்று மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தான் ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. மைனாக்களும் கூடவே போய்விட்டன.

கொஞ்ச தூரம் யாரும் பேசாமல் நடந்தோம். தம்பிதான் ஆரம்பித்தான். "நேத்து ராத்திரி கேட்டீங்களே சார், கிடைக்காதுன்னு தெரிஞ்சும் மே மாசத்துல எதுக்குப் பயிற்சின்னு..."

"தெரியுதுய்யா, தெரியுது" என்றார் கேஷியர். "எல்லாத்துக்கும் பதவுரை, பொழிப்புரை வேணாம்."

நீர்வீழ்ச்சியில் ஒருத்தர் ஒருத்தராகத்தான் குளிக்க முடிந்தது. என் முறை வருவதற்கு முன்னால் பாறையில் உட்கார்ந்து பையைத் திறந்து அந்த விண்ணப்பத்தை எடுத்தேன். பேனா இல்லை. மலையில் யார் பேனா வைத்திருப்பார்கள்? கேஷியர் வைத்திருந்தார். குளிக்க வந்த இடத்தில்கூடச் சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிற ஒரே மனிதர் அவர்தான்.

விண்ணப்பத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போன வருஷக் காய்ச்சல் நிஜமா என்று அவர் கேட்கவில்லை. கேஷியர்களுக்குக் கள்ள நோட்டு பார்த்ததும் தெரிந்துவிடும். பேனாவை நீட்டினார். கவுன்ட்டரில் பேனா கொடுத்தால் மூடியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறவர், அன்றைக்கு மூடியோடு கொடுத்தார்.

கையெழுத்துப் போட்டேன். பாறை ஈரம். கடைசி எழுத்து கொஞ்சம் வழுக்கிவிட்டது.

* * *

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

2025 செப்டம்பரில் பெய்ஜிங்கில் அந்தத் தகுதிப் போட்டி நடந்தது. மிலான் டிக்கெட் வாங்கிய ஐந்து பெண்களின் பட்டியலில் தாராவின் பெயர் இல்லை. செல்போனில் பட்டியலை மூன்று தடவை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே பார்த்தேன். இல்லாத பெயர் எப்படிப் பார்த்தாலும் இல்லைதான்.

அதே செப்டம்பர், அதே சீனா. பெய்டாய்ஹே என்ற ஊரில் நடந்த ரோலர் ஸ்பீட் ஸ்கேட்டிங் உலகப் போட்டியில் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன். அத்தோடு விடாமல் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்! ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வாங்கியது தனி. டெஸ்பாட்ச் அண்ணன் செக்‌ஷன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். எனக்கு மட்டும் ரெண்டு. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு உன் தாராவுக்கு" என்றார். அந்த மனிதரை அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று. மூடிக் கிடக்கிறதென்று அவர் அன்றைக்குத் திட்டினாரே, அந்த டேராடூன் பனித்தளம், அதைச் சரிசெய்து திறந்து, 2025 ஆகஸ்டில் ஆசிய அளவில் ஷார்ட் டிராக் ஐஸ் ஸ்கேட்டிங் போட்டியே நடத்தினார்கள். பதினாலு வருஷம் கழித்து ஒரு நிலத்தில் ஏர் ஓடியிருக்கிறது.

என் கதை? வருஷக் கடைசியில் ரிசல்ட் வந்தது. மூன்று பேப்பரில் ரெண்டு பாஸ். மூன்றாவதில் நாலு மார்க்கில் கோட்டை விட்டேன். அதாவது, மூணு சுற்றையும் சுற்றிவிட்டு விழுந்தேன்.

ஆனால் ஒன்று. எங்கள் இலாகாவில் பாஸான பேப்பரை மறுபடி எழுத வேண்டியதில்லை. அது அப்படியே கணக்கில் இருக்கும். உழுத மண் எங்கும் ஓடிப் போகாது என்று பெரியவர் சொன்னது எங்கள் சர்க்குலரிலும் வேறு வார்த்தைகளில் இருக்கிறது. நான்தான் அதுவரை அந்த வரியைப் படிக்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம், கேஷியரின் பேனாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன். மே மாதத்திலிருந்து என்னிடமே இருந்தது. அந்தக் கவுன்ட்டர் சரித்திரத்தில் ஒரு பேனா இத்தனை நாள் வெளியே இருந்ததில்லை.

"சார், உங்க பேனா."

நோட்டு எண்ணுவதை நிறுத்தாமலேயே கேட்டார். "எத்தனை பேப்பர் பாக்கி?"

"ஒண்ணு."

"அப்ப வச்சுக்க" என்றார். எண்ணி முடித்து ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "அது சரி, உங்க தாராவுக்கு ராஜா சார் பாட்டுன்னே வச்சுக்குவோம். நாலு நிமிஷத்துக்கு வெட்டணுமே, எந்தச் சரணத்தை விடறது?"

எதிர்க்கட்சித் தலைவர் கட்சி மாறிவிட்டார். மன்றத்தில் இப்போது ஐந்து கோஷ்டி!